அந்த ‘இல்லை’யை எழுதியது நம் ஆபீஸ்

அன்புள்ள மகனுக்கு,

போனில் பேசினால் “அப்பா, மீட்டிங்ல இருக்கேன்” என்பாய். திருநின்றவூரில் உன் வீட்டுக்கு நேரில் வந்தால் நான் கத்துவேன், கூட வரும் உன் அம்மா நடுவில் வந்து நிற்பாள், கடைசியில் குழம்பில் உப்பு கூடிவிட்டதைப் பற்றிப் பேசிவிட்டு ரயில் ஏறிவிடுவேன். அதனால் எழுதி, ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். எழுதி முடித்ததும் நம் வியாபாரிகள் சங்க மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். வீட்டுச் சண்டையை ஊருக்குச் சொல்வதா என்று நீ கோபப்படலாம். நீ செய்ததை இந்தக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆள் அனுப்பும் எல்லாரும் செய்துகொண்டிருக்கிறோம். அவர்களும் படிக்கட்டும்.

ஆனால் நம் டிரைவரின் பெயரை மாற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தில் அவன் மோசஸ். உனக்கு ஆள் யார் என்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. மலருக்குக் கொடுப்பதற்கு முன் அவனுக்கு முழுதும் படித்துக் காட்டுவேன். வேண்டாம் என்று அவன் சொல்லும் வரியை அடித்துவிடுவேன். ஒருவனுடைய பழைய வழக்கைப் பற்றிப் பேசுகிறவன் இவ்வளவாவது செய்யவேண்டும். இதைக்கூடச் செய்யாத ஒரு கம்பெனி வாசலில்தான் செவ்வாய்க்கிழமை நீ நின்றுகொண்டிருந்தாய்.

நடந்ததை நான் அறிந்தபடி சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்து. நாம் பழைய இரும்பு எடுக்கும் அந்தப் பெரிய கம்பெனியில் புது விதி வந்தது. உள்ளே நுழையும் டிரைவர், லோடு ஏற்றுகிறவன், எல்லாருக்கும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று வேண்டும். அதோடு “என் மேல் வழக்கு உண்டா, தண்டனை உண்டா” என்று ஒவ்வொருவரும் தன் கையெழுத்தோடு ஒரு படிவமும் கொடுக்கவேண்டும். சான்று போலீசிலிருந்து நேராகக் கம்பெனிக்கே போகும், படிவம் எல்லாம் நாம் கொடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை மோசஸ் வண்டியைக் கேட்டுக்குக் கொண்டுபோனபோது, பின்னால் வரிசையாக லாரிகள் நிற்க, செக்யூரிட்டி ஒரு தாளை ஆட்டிக்கொண்டு வந்து கத்தியிருக்கிறான்:

“யோவ், உன் பேர்ல திருட்டுக் கேஸ் கீதாமே. உள்ளயே போய்ட்டு வந்துகிற. எறங்கு மொதல்ல.”

மோசஸ் இறங்கினான். அவன் தெருக்காரன் ஒருவன் அந்த வரிசையிலேயே கிளீனராக உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து கம்பெனியின் பணியாளர் அதிகாரி அம்மா வந்தார்கள். கூடவே நீ வந்தாய். அந்த அம்மா சொன்னது நியாயமான பேச்சுதான்: “கேஸ் ரொம்பப் பழசு. அதைக்கூடப் பார்த்துக்கலாம். ஆனா ஃபார்ம்ல ‘இல்லை’ன்னு எழுதிக் குடுத்திருக்காரு. பொய் சொன்ன ஆளை எப்படிங்க உள்ள விடறது?”

அதற்கு நீ சொன்னது: “சாரி மேடம். எங்களுக்கே இது தெரியாது. இன்னிக்கே ஆளை மாத்திடறேன்.”

மோசஸ் உன் முகத்தைப் பார்த்தானாம். சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு நடந்தானாம். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. லோடு ஏற்றப்போன ஏழுமலை சாயங்காலம் யார்டுக்கு வந்து சொன்னான். “பெரியவரே, அந்தாளு வாயத் தொறந்து ‘நான் எழுதல, அவுங்கதான் எழுதுனாங்க’ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா தம்பி பேஜாராயிருப்பாரு. சொல்லல.”

உங்களுக்கே தெரியாதா?

நம் ஆபீசில் படிவம் எப்படி நிரம்புகிறது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். குமாஸ்தா சேகர் ஆதார் ஜெராக்ஸை எல்லாம் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரே பேனாவால், ஒரே மூச்சில், எல்லாருக்கும் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே போவான். நோய் உண்டா, இல்லை. வழக்கு உண்டா, இல்லை. பென்சிலில் ஒரு புள்ளி வைத்திருப்பான், ஆட்கள் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கேள்வியை யாரும் படிப்பதில்லை, படித்துச் சொல்வதும் இல்லை. கேட் பாஸ் சீக்கிரம் வரவேண்டும், வண்டி ஓடவேண்டும், அவ்வளவுதான். இந்தப் பேட்டை முழுக்க இதுதான் வழக்கம். ஆனால் மோசஸ் படித்தான். சேகரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன், ஒப்புக்கொண்டான். “சார், எனுக்கு ஒரு கேஸ் இருந்துச்சு, அத்த எழுதிக்கங்க” என்று மோசஸ் சொல்லியிருக்கிறான். சேகர், “அத்தெல்லாம் எழுதுனா பாஸ் வருமாய்யா? கம்முனு போட்டுட்டுப் போ” என்றிருக்கிறான். மோசஸ் போகாமல் நின்றிருக்கிறான். சேகர் உன் அறைக்குள் வந்து கேட்டான். “எல்லாருக்கும் இல்லைன்னே போடு, நான் பாத்துக்கறேன்” என்று நீ சொன்னாய்.

நன்றாகப் பார்த்துக்கொண்டாய்.

மோசஸ் ஜெயிலுக்குப் போனவன் என்பது நீ பள்ளிக்கூடம் போகும் நாளிலேயே உனக்குத் தெரியும். இந்த யார்டில் யாருக்கும் அது ரகசியம் இல்லை, ஏனென்றால் அவன் வேலை கேட்டு வந்த முதல் நாளே அதைத்தான் முதலில் சொன்னான். அப்போது என்னிடம் ஒரு மினி லாரியும் வாடகைத் தராசும்தான் இருந்தன. ஆரம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து ஒல்லியாக ஒருவன் வந்து நின்று, “ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன் நான். காப்பர் கேபிள் திருடுனேன். அப்பறமா தெரிஞ்சிகினு துரத்தாதீங்க மொதலாளி, துரத்தறதுன்னா இப்பவே துரத்திடுங்க” என்றான்.

நான் வியாபாரி. எனக்கு இரக்கம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. “எவன்கிட்ட வித்தீங்க?” என்றேன். ஒரு யார்டின் பெயரைச் சொன்னான். “இன்னா ரேட்டு குடுத்தான்?”

“பாதி கூட குடுக்கல மொதலாளி.”

“திருடவும் தெரியல, விக்கவும் தெரியல. வண்டியாவது ஓட்டத் தெரியுமா?”

அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். வேலைக்கு வரச் சொன்னேன். அதற்காக மறுநாளே சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ரொம்ப நாள் அவனைத் தனியாக எந்தக் கம்பெனிக்கும் அனுப்பவில்லை. செம்பு, பித்தளை இருக்கும் கொட்டகைப் பக்கம் விடவில்லை. அவனுக்கும் அது தெரியும். முகம் சுளிக்காமல் தகரமும் கம்பியும் ஏற்றினான். ஒரு நாள் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அவனைத் தனியாக அனுப்பினேன். எடை சரியாக வந்தது. அடுத்த தடவையும் சரியாக வந்தது. அப்படித்தான் நம்பிக்கை வளர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, என் கண் முன்னால். நான் தர்மம் எதுவும் செய்யவில்லை. வேலைக்காரன் தேவைப்பட்டான், ஒரு நல்ல வேலைக்காரன் கிடைத்தான்.

அந்தத் திருட்டுக் கேபிளைப் பாதி விலைகூடக் கொடுக்காமல் வாங்கினானே, அவன் மேல் எந்த வழக்கும் இல்லை. இன்றைக்கு அவன் போலீஸ் சான்று கேட்டால் வெள்ளைத்தாள் மாதிரி சுத்தமாக வரும். கோவில் திருவிழாவில் அவனுக்குத்தான் முதல் சால்வை. சென்ற வருஷம் உனக்கும் பக்கத்து நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தான். நீயும் சார் சார் என்று பேசினாய்.

உன் கல்யாணத்தன்று திருவள்ளூரிலிருந்து மண்டபத்துக்கு உன் மனைவிக்குப் போடவேண்டிய நகைப் பையை யார் கொண்டுவந்தது? உன் மாமாக்கள் யாரிடமும் உன் அம்மா கொடுக்கவில்லை. மோசஸைக் கூப்பிட்டு, காரில் அவன் பக்கத்து சீட்டில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, “பொறுமையா வாப்பா” என்று சொல்லி அனுப்பினாள். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். பொன்னுக்கு நம்பிக்கையானவன் துருப்பிடித்த இரும்புக்கு ஆகாமல் போய்விட்டானா?

கிழவனுக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஒரு கம்பெனிக்கு ஆளைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு. கேட்கத்தான் வேண்டும். உன் அக்கா பெண் போகும் பள்ளி வேனுக்குப் புதிதாக ஒரு டிரைவர் வந்தபோது, விசாரிக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் முதலில் போய் நின்றவன் நான். அவன் மேல் ஒரு குழந்தையிடம் தப்பாக நடந்த வழக்கில் தண்டனை இருந்தது. வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அதையேதான் சொல்வேன். அவனுக்குப் பிழைக்க வேறு வேலை இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் வண்டி மட்டும் அவனுக்கு இல்லை. அந்த இடத்தில் அந்தத் தாள் தன் வேலையைச் செய்தது.

அப்படியானால் திருடியவனை இரும்பு எடுக்க அனுப்பலாமா என்று கேட்பாய். கேள். அது சரியான கேள்வி. வந்த புதிதில் அனுப்பக் கூடாது, நானும் அனுப்பவில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் போலீஸ் தாளில் கிடையாது. பதினெட்டு முடிந்த புதிதில் செய்தானா, போன மாதம் செய்தானா, அதற்குப் பிறகு என்ன செய்துகொண்டிருந்தான், யாரிடம் இருந்தான், இதையெல்லாம் ஆளை உட்காரவைத்துக் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு யாருக்கும் நேரமில்லை. தாளில் ஒரு வரி இருந்தால் போ, இல்லாவிட்டால் வா. மாட்டுச் சந்தையில்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள்.

பொன்னேரிக் கோர்ட்டில் நமக்குத் தெரிந்த வக்கீலைப் பார்த்துக் கேட்டேன். பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றமாக இருந்தால் பெரும்பாலும் அந்தப் பதிவை ஒரு காலத்துக்குப் பிறகு அழித்துவிடவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறதாம். பதினெட்டைத் தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தாலும் அந்தச் சலுகை கிடையாதாம். சில வெளிநாடுகளில் சின்னக் குற்றமாக இருந்து, தண்டனை முடிந்து, சில வருஷம் ஒழுங்காக இருந்துவிட்டால் சாதாரண வேலைக்கு அதைச் சொல்லவேண்டியதே இல்லையாம். குழந்தைகள், வயசானவர்கள் சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டும் பழையதும் வெளியே வருமாம். “நம்ம ஊர்ல அப்படிச் சட்டம் வரலாமே சார்?” என்றேன். “வரலாம். யார் கேக்கறது? ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன் சங்கம் வச்சுக் கேப்பானா?” என்றார். அவன் கேட்கமாட்டான். வெளியே தெரியக் கூடாது என்று ஒளிந்து திரிகிறவன் கொடி பிடித்து எப்படி வருவான்? வேலை கொடுக்கிற நாம்தான் கேட்கவேண்டும். அதனால்தான் இதை மலரில் போடுகிறேன்.

இன்னொன்றும் அதே பேட்டையில் நடந்தது, நீ மறந்திருக்கமாட்டாய். வேறொரு கம்பெனியில் எடைமேடை பார்த்த படித்த மனிதர் ஒருவர் பல வருஷம் எடையில் கை வைத்தார். பிடிபட்டார். கம்பெனிக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று போலீசுக்குப் போகவில்லை. ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு, நல்லவர் வல்லவர் என்று சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது இன்னொரு கம்பெனியில் அதே வேலையில் இருக்கிறார். சுவர் ஏறிக் குதித்தவனுக்கு மட்டும் சாகும்வரை தாள். அந்தத் தாளைத்தான் நாம் பாதுகாப்பு என்கிறோம்.

அந்தப் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்கிறேன். மோசஸை நீ வேலையைவிட்டு அனுப்பிய செய்தி ஊருக்குள் போவதற்குள், கேபிள் திருடும் கூட்டத்துக்காரன் ஒருவன் டீக்கடையில் அவன் தோளில் கை போட்டுவிட்டான். “இன்னாபா, உத்தமனா இருந்து இன்னா கண்ட? வண்டி கீது, டப்பு கீது, வர்றியா?” மோசஸ் அவன் கையைத் தட்டிவிட்டு வந்தான். எல்லாரும் தட்டிவிடுவார்களா? நாம் கதவைச் சாத்தினால் ஆளை எடுத்துக்கொள்ள அந்தப் பக்கம் எப்போதும் ஒருத்தன் தயாராக இருக்கிறான். அவன் போலீஸ் சான்று கேட்பதில்லை. நம் யார்டுச் சுவரை நாளைக்கு ஏறிக் குதிப்பவனை நாமேதான் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை நான் அந்தக் கம்பெனிக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. அந்த அதிகாரி அம்மாவைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், நாஷ்டா ஆச்சா என்று கேட்டு டீயும் வரவழைத்தார்கள். “ஐயா, ரூல் நான் போட்டது இல்லீங்க” என்றார்கள்.

“ரூல அப்பறம் பேசுவோம்மா. அந்தப் போலீஸ் தாள செக்யூரிட்டி கையில யாரு குடுத்தது?”

“அது நடந்திருக்கக் கூடாது” என்று சொன்னார்கள்.

“எங்க ஊட்டு விஷயத்துக்கு வர்றேன். ‘இல்லை’ன்னு எழுதுனது அவன் இல்லம்மா. எங்க ஆபீஸ். அவன் எழுதிக்கச் சொல்லியும் நாங்க எழுதல.”

அவர்கள் பேனாவை மூடி வைத்தார்கள். “இதை நீங்க எழுத்துல குடுத்தா அவர் மேல இருக்கற பொய்ங்கற குத்தம் போயிடும். அப்புறம் பழைய கேஸைப் பத்தி, இத்தனை வருஷ வேலையைப் பத்தி, மேலே நான் பேசறேன். ஆனா கம்பெனி பதிவுல கையெழுத்து அதிகாரம் உங்க பையனுக்குத்தான் இருக்கு. அவர்தான் வந்து எழுதித் தரணும். இன்னொண்ணும் சொல்லிடறேன் ஐயா. அப்படி எழுதிக் குடுத்தா உங்க கான்ட்ராக்டையே கமிட்டி திரும்பப் பார்க்கும்.”

“பாக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நீ கணக்குப் போடுவாய், எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனி போனால் யார்டில் பாதி வேலை போகும், அவனோடு சேர்ந்து மற்றவர்களும் வேலையில்லாமல் உட்காரவேண்டும் என்பாய். நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போனால் வேறு கம்பெனி பிடிக்கலாம். ஒரு லாரியிலிருந்து ஆரம்பித்தவன் நான், எனக்கு அது புதிதில்லை. நீயும் கற்றுக்கொள்வாய். ஆனால் இந்தத் தொழிலில் நம்மிடம் ஆட்கள் நிற்பது எதனால் தெரியுமா? கம்பெனி வாசலில் ஏதாவது ஆனால் முதலாளி முன்னால் வந்து நிற்பார் என்றுதான். செவ்வாய்க்கிழமை முதலாளி பின்னால் போய் நின்றுகொண்டார். அதை ஏழுமலை பார்த்தான், மற்றவர்களும் பார்த்தார்கள். இனிமேல் ஒருவனும் உன்னிடம் உண்மையைச் சொல்லமாட்டான். உண்மையைச் சொன்னவனுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று மோசஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. “வுடுங்க மொதலாளி. தம்பி இப்பத்தான் தொழில்ல கால் வச்சிகிறாரு. என்னால அவருக்கு பேஜாரு வேணா” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் அவன் மெதுவாகச் சொன்னான். கிளீனர் சொல்லி, தெரு சொல்லி, விஷயம் அவன் பெண் காதுக்குப் போய்விட்டது. பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது.

“ரெண்டு கேள்வி கேட்டுச்சு மொதலாளி” என்றான். “திருடுனியா நைனான்னு கேட்டுச்சு. ஆமாம்மா, திருடுனேன், ஜெயிலுக்குப் போனேன்னு சொல்லிட்டேன். அழுதுச்சு, அப்பறம் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அது கூட சொல்ல முடிஞ்சுது மொதலாளி. அடுத்தது கேட்டுச்சு. ‘திருடுனத இல்லைன்னு பொய் எழுதிக் குடுத்தியாமே, ஏன்?’ன்னு. அதுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. நான் எழுதலன்னு சொன்னா, பின்ன யாருன்னு கேக்கும். தம்பி பேர எப்படிச் சொல்றது? தூக்கி வளத்த புள்ள. அதனால கம்முனு இருந்துட்டேன். கம்முனு இருந்ததால நான்தான் எழுதுனேன்னு நெனச்சிகினு கீது.”

தான் செய்த திருட்டை அவன் தன் பெண்ணிடம் ஒப்புக்கொண்டுவிட்டான். நீ எழுதச் சொன்ன பொய்யைத்தான் அவனால் அவளிடம் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த அதிகாரி அம்மா நேரம் கொடுத்திருக்கிறார்கள். சேகர் வேண்டாம், வக்கீல் வேண்டாம். உன் கையாலேயே எழுது. “எழுதிக்கச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன்” என்று எழுது, போதும். நான் கூட வரமாட்டேன். எழுதியதில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக ஆரம்பாக்கத்துக்குப் போ. பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பெண் வீட்டுக்கு வரும்வரை வாசலில் காத்திரு. அவள் வந்ததும், அவள் அப்பாவை வைத்துக்கொண்டு, அவள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நீ பதில் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா